பதில் சொல்லாத தேரை

நேற்றைய மழையில் எங்கள் குளியலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு தேரை வந்து குடியேறிவிட்டது. மருமகள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அத்தே, கொஞ்சம் தள்ளுங்க, இதைக் கூட்டி வெளிய விட்டுட்டு வாரேன்" என்றாள். நான் தள்ளவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும், உன்னைய என்ன செஞ்சுச்சு" என்று வேண்டியதற்கு மேலேயே அதட்டிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும், அந்த இனத்தில் ஒன்றை நான் ஏற்கெனவே கொன்றிருக்கிறேன் என்று.

அவள் போனபிறகு தையல் டப்பாவைத் திறந்து அடியில் கிடந்த பொத்தானை எடுத்தேன். கொட்டாங்கச்சிப் பொத்தான். பழுப்பு நிறம், சொரசொரப்பு, ஓரத்தில் சின்னதாக ஒரு விள்ளல். உன் அண்ணன் சட்டையிலிருந்து நீ பிய்த்துக் கொண்டுவந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தேரைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தேரை என்னைப் பார்த்தது. தொண்டை மட்டும் அடித்துக்கொண்டது. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நமக்கு ஸ்பிளிட் டூட்டி போடுவார்கள், நினைவிருக்கிறதா. காலை ஏழு முதல் பதினொன்று, திரும்ப மாலை மூன்றரை முதல் ஏழரை. நடுவில் கிடக்கிற நாலரை மணி நேரத்தை என்ன செய்வது என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்கார்ந்த பெண்கள் எல்லாருக்கும் இருந்த பிரச்சினை. விளாங்குடிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சோறு தின்று திரும்பிவர எனக்கு நேரம் இருக்கத்தான் செய்தது. போனால் அம்மா மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கச் சொல்வாள். அதற்கு ஓய்வறையில் தலைக்குக் கையை வைத்துப் படுத்துக் கிடக்கலாம் என்று இருந்துவிடுவேன். வாடிப்பட்டிக்காரிக்கும் பரவைக்காரிக்கும் அதே கதைதான். நம் நாலு பேருக்கும் பெயர் இருந்தும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒயர் வழியாகத் 'திண்டுக்கல்', 'விருதுநகர்' என்று அந்தந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நமக்குள்ளும் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. நீ டவுனுக்குள்ளேயே பிறந்தவள் என்பதால் உன்னை மட்டும் 'மதுரை' என்போம்.

அந்த ஓய்வறைக்குத்தான் ஒரு நாள் நீ ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாய். எண்பத்து நாலோ ஐந்தோ. கப்பலில் சமையல் வேலை பார்த்த உன் அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. உள்ளே சொரசொர காகிதத்தில் இரண்டு இங்கிலீஷ் புத்தகம், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். எண்கள் கண்ணுக்கே தெரியவில்லை என்று நீ கண்மையைத் தடவி அவற்றை எடுத்துக்காட்டினாய். பரவை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கட்டமே இல்லையேடி, காயை எங்க வச்சு நகத்துறது?" என்றாள்.

"கட்டம் எல்லாம் தலைக்குள்ள இருக்கு. நான் கதை சொல்லுவேன். நீங்க ஆளுக்கொரு வேசம். என்ன செய்யிறீகன்னு சொல்லுங்க, நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்" என்றாய்.

அவ்வளவுதான் விளையாட்டு. வாடிப்பட்டி வாள் பிடிக்கிறவள் ஆனாள். பரவை பூட்டுத் திறக்கிற திருடி. நான் மந்திரக்காரி. சிறுமலைக்கு உள்ளே புதைந்துபோன ஒரு நகரம் இருப்பதாகச் சொல்லி எங்களை நீ உள்ளே இறக்கினாய். நீ சிறுமலையைப் பார்த்ததுகூட இல்லை. வாடிப்பட்டியிடம் ஒரு வாரம் கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்டு, அவள் மலையை அவளுக்கே புதிதாகக் காட்டினாய். அந்த அடுக்குச் சோற்றுப் பாத்திரங்களுக்கும் காய்கிற துண்டுகளுக்கும் நடுவே ஈரப்பாறை வாசனை வந்தது என்றால் இன்று யார் நம்புவார்கள். எனக்கு வந்தது.

மந்திரக்காரிக்கு ஒரு துணைப் பிராணி உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. பருந்து, ஆந்தை, காக்கை, பூனை என்று ஒரு பட்டியல். எது என்பதைப் பகடைதான் சொல்லும். நான் பருந்துக்கு ஆசைப்பட்டேன். தோளில் உட்காரும், மேலே பறந்து வேவு பார்த்துச் சொல்லும். பகடையை உருட்டினேன். நீ பட்டியலில் விரலை ஓட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தேரை" என்றாய்.

வாடிப்பட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தேரை மோந்த தேங்கா மாதிரி ஆயிருச்சு என் பொழப்பு. இன்னொரு தடவ உருட்டுறேன்" என்றேன்.

"உருட்டக் கூடாது. விதி விதிதான்" என்றாய். "கல்லுக்குள்ள இருக்குற தேரைக்கே படியளக்குறவன், உன் தேரைக்கு ஒரு வேலை வச்சிருக்க மாட்டானா?"

இதுதான் தேரை என்று அந்தப் பொத்தானை என் முன்னால் வைத்தாய். பிறகு புத்தகத்தில் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன், காரணம்தான் தெரியவில்லை. பிராணிக்குப் பேச்சு கிடையாது, அது உணர்வதை எஜமானி உணர்வாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அந்தப் பத்தி சொன்னது. "அப்ப எப்பிடித்தான் அதுகூடப் பேசுறது?" என்றேன். நீ என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாய்.

அந்த ஏற்பாடு உன் சொந்த மூளை. உன் விரல்கள் என் மணிக்கட்டில் இருக்கிற வரைக்கும் தேரை என் மடியில் இருக்கிறது. மெல்லத் தடவினால் நிம்மதி. நகத்தால் சுரண்டினால் பசி. ஒரு விரல் அழுத்தினால் எதையோ கவனிக்கிறது. கட்டைவிரல் படபடவென்று தாளம் போட்டால் பயம். கையை எடுத்துவிட்டால் அது என்னை விட்டு எங்கோ போயிருக்கிறது. நான் அதனிடம் எதுவும் கேட்க வேண்டுமென்றாலும் உன் விரலை அழுத்தித்தான் கேட்க வேண்டும். வார்த்தை கூடாது.

எவ்வளவு கெட்டிக்காரியடி நீ. வாயால் வாளையும் பூதத்தையும் வாடிப்பட்டிக்கு விவரித்துக்கொண்டே, விரலால் எனக்கு ஒரு தேரையாக இருந்தாய். ஒன்று மற்றொன்றைத் தொட்டதே இல்லை. கதையில் மூட்டைப் பூச்சிகளும் ஈசல்களும் நிறைந்த அறைக்குள் மற்ற இரண்டு பேரும் அருவருப்பில் நெளிய, என் மணிக்கட்டில் நகம் சந்தோஷமாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்தத் தேரைக்குக் குணம் இருந்தது. விளக்கு வெளிச்சம் என்றால் ஆசை, உப்பு என்றால் ஆகாது, பரவை பாடினால் எரிச்சல். "ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு என்னத்த ரகசியம் பேசுறீக? நுணலும் தன் வாயால் கெடும்பாக, இதுக்கு வாயே இல்லையே, எப்பிடிக் கெடும்?" என்று வாடிப்பட்டி பொருமுவாள்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும், அப்போது எனக்குத் தெரியாததை. உனக்கு இடது காது கேட்காது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் வந்த விஷக்காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. ஹெட்செட்டில் ஒரு காதுக்குத்தான் குமிழ் என்பதால் வலது காதை வைத்தே நீ சமாளித்தாய். இடப்பக்கம் சுவர் வருகிற கடைசி இருக்கையை நீ விடாமல் பிடித்துக்கொண்டதை மின்விசிறிக் காற்றுக்காக என்று எல்லாரும் நினைத்தோம். தெரிந்தால் போர்டை விட்டு எழுப்பிவிடுவார்கள். அத்தா என்று நீ கூப்பிடும் உன் அப்பா படுக்கையில், வீட்டில் வருகிற ஒரே சம்பளம் உன்னுடையது. அண்ணன் கப்பலிலிருந்து அனுப்பியதெல்லாம் பகடையும் சென்ட்டு பாட்டிலும்தான்.

ஆறு மாதம் விளையாடியிருப்போம். மலைக்குள் ஒரு கிணறு வந்தது. படிக்கட்டு கீழே போகிறது, இருட்டு, தண்ணீர் சத்தம். இறங்கலாமா என்று தேரையிடம் கேட்க உன் விரலை அழுத்தினேன். உன் விரல்கள் அப்படியே இருந்தன. மறுபடி அழுத்தினேன். தடவல் இல்லை, சுரண்டல் இல்லை, தாளம் இல்லை. மூன்றாம் முறையும் அழுத்தினேன்.

நமக்குப் போர்டில் ஒரு பழக்கம் உண்டே. மூன்று முறை மணி அடித்துப் பார்ப்போம். எடுக்கவில்லை என்றால் அழைப்பு விவரம் குறிக்கிற டிக்கெட்டில் 'நோ ரிப்ளை' என்று எழுதி, ஒயரைப் பிடுங்கி, அடுத்த டிரங்க் காலுக்குப் போய்விடுவோம். ஒரு நாளைக்கு இருநூறு முறை செய்கிற காரியம். கை தானாகச் செய்யும், வாய் தானாகச் சொல்லும். "நோ ரிப்ளை. நான் எறங்குறேன்" என்றேன்.

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு பகடையை உருட்டச் சொன்னாய். இருபதுக்கு மூன்றுதான் விழுந்தது. படிக்கல் இடுக்கில் இருந்த பாம்பு என் மடியைத்தான் முதலில் கொத்தியது. நீ என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்து, பொத்தானைக் கவிழ்த்து வைத்தாய்.

"தேரை செத்துருச்சு."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "நீ ஒண்ணுமே சொல்லலையே. பயம்னா தாளம் போடுவேன்னு நீதானே சொன்ன? கை அசையவே இல்ல" என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாம்பக் கண்ட தேரை அசையுமா?" என்றாய், குரலை உயர்த்தாமல். "நான் டவுனுக்காரி, அண்ணன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வயக்காட்டுல பொறந்தவ நீ. உனக்கு நான் சொல்லணுமா?"

"பதிலே இல்லைன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

"என் கை அங்கதானே இருந்துச்சு. பதில் வரலைன்னா ஆளே இல்லைன்னு நீயா எழுதிக்கிட்ட."

அதற்குள் உன் கண் கலங்கியிருந்தது. ஒரு பொத்தானுக்குப் போய் இப்படியா என்று எனக்கு இன்னும் எரிச்சலாயிற்று. புத்தகத்தின்படி இறந்த பிராணிக்குப் பதில் இன்னொன்று வர ஒரு வருஷம் ஆகும் என்று வேறு சொன்னாய். நான் பொத்தானைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டேன். பத்து நாள் ஓய்வறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பிடிவாதத்தில் எங்கள் வீட்டு எருமைக்கு நான் அக்கா என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

பிறகு சித்திரைத் திருவிழா வாரம் வந்தது. லீவு யாருக்கும் கிடையாது. ஊரெல்லாம் ஜனம், போர்டெல்லாம் அழைப்பு விளக்கு. உன் வலது காதுக்குள் கட்டி வந்திருந்ததை முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு வந்திருக்கிறாய். காலையில் எப்படியோ ஓட்டிவிட்டாய். மாலை ஐந்து மணி இருக்கும். என் இடப்பக்கம் உன் போர்டில் ஐந்தாறு விளக்குகள் ஒன்றாக எரிவதைப் பார்த்தேன். நீ ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய்.

"ஏய் மதுரை, லைட்டு எரியுது" என்றேன். நீ திரும்பவில்லை. இன்னும் என்மேல் கோபம் போல என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் முறையும். எனக்கு என் போர்டே மூச்சு முட்டியது. பின்னால் சூப்பர்வைசர் அம்மா நாற்காலியைத் தள்ளி எழுகிற சத்தம் கேட்டது. அவரைக் கூப்பிட்டு, இவள் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நான் கையைத் தூக்கியே விட்டேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

தூக்கிய கை பாதியில் நின்றது. ஒயரைப் பிடித்திருந்த உன் விரல்களைப் பார்த்தேன். அவை துளிகூட அசையவில்லை. உன் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

இடக்கையை நீட்டி உன் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன். நீ திரும்பாமலே உன் கட்டைவிரல் என் விரல்மேல் படபடவென்று அடித்தது.

அதன்பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. உன் விளக்குகளுக்கு என் ஒயர்களைச் செருகினேன். "மேடம், அவளுக்கு வயித்தக் கலக்குதாம், போயிட்டு வரட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றேன். "ரெண்டு போர்டுமா? இந்தக் கூட்டத்துலயா?" என்றார். "முடியும் மேடம்." முடியாதுதான். வாடிப்பட்டி என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், என் வலப்பக்க விளக்குகளை அவள் எடுத்துக்கொண்டாள். அவளுடையதைப் பரவை எடுத்தாள். ஏழரை மணி வரைக்கும் அந்த வரிசையில் ஒரு டிரங்க் கால்கூடத் தவறவில்லை.

டூட்டி முடிந்து ஓய்வறைக்கு வந்தேன். நீ மூலையில் உட்கார்ந்திருந்தாய். "எனக்கு இப்ப ஒண்ணும் கேக்கல. நீ பேசாத, நான் பேசுறேன்" என்றாய். இடது காதைப் பற்றிச் சொன்னாய். அத்தாவைப் பற்றிச் சொன்னாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். அன்று தேரை நான்.

"பொஸ்தகத்துல அந்த எடத்தப் படிச்சப்ப, எனக்குன்னே எழுதுன மாதிரி இருந்துச்சு. நாளைக்கு இந்தக் காதும் போச்சுன்னா, வார்த்தை இல்லாம ஒருத்திகிட்ட எம்புட்டு தூரம் போக முடியும்னு பாக்கணும்னு தோணுச்சு. அதான் உன் கையப் பிடிச்சேன்" என்றாய். பிறகு, "அன்னைக்கு நீ கெணத்துல எறங்குனப்ப எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு, விளாங்குடி. இவளே நோ ரிப்ளைன்னு எழுதிட்டா வேற யாரு நம்மளப் பாப்பான்னு."

நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன், உனக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில். என் கை நடுங்கியதில் உனக்குத் தெரிந்துவிட்டது.

கட்டியைக் கீறிவிட்டு, காது முழுதாகத் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் உன் வலது முழங்கையும் என் இடது முழங்கையும் ஒட்டியே இருந்தன. சூப்பர்வைசர் அம்மா பின்னால் வந்தால் ஒரு அழுத்தல். கூப்பிட்டவர் பேசி முடித்துவிட்டால் ஒரு சுரண்டல். நீ போர்டை விளக்குகளை வைத்தே ஓட்டினாய். கேட்க வேண்டியதை நான் கேட்டு ஒரு தாளில் கிறுக்கிக் காட்டினேன், டிக்கெட்டில் எழுத வேண்டியதை நீ எழுதினாய். உன் கையெழுத்துக்காக அந்த மாதம் சூப்பர்வைசர் அம்மா உன்னைப் பாராட்டியதுதான் வேடிக்கை. அந்த இருக்கையிலிருந்து உன்னை யாரும் எழுப்பவில்லை. போர்டுகளையே கழற்றி எடுத்துக்கொண்டு போன நாள் வரைக்கும் நீ அங்கேதான் இருந்தாய்.

விளையாட்டையும் திரும்ப ஆரம்பித்தோம். ஆனாலும் நீ விதியை விட்டுத் தரவில்லை. உன் வேலையைக் காப்பாற்றியவள் என்ற சலுகைகூட எனக்குக் கிடையாது. ஒரு வருஷம் முழுக்க என் மந்திரக்காரி தனியாகத்தான் அலைந்தாள். வருஷம் திரும்பிய நாளில் பகடையை என் கையில் கொடுத்தாய். உருட்டினேன். நீ பட்டியலைப் பார்த்து, கண் அகல, "பருந்துடி" என்றாய். நான் கவிழ்ந்து கிடந்த பொத்தானை நிமிர்த்தி வைத்தேன். "எனக்குத் தேரையே போதும்" என்றேன். புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று நீ தேடவே இல்லை. வந்து உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். நீ விதியை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், ஆளுக்கொரு செக்‌ஷன், ஆளுக்கொரு ஊர். வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக உன்னைவிட்டுப் போனது. நீ அதற்கு முப்பது வருஷம் முன்பே தயாராகியிருந்தாய். உன் பேரப்பிள்ளைகள் உன் மணிக்கட்டில் சுரண்டிச் சோறு கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். உலகத்தில் எத்தனையோ பேர் பேசத் தெரிந்து பெரிய ஆளாகியிருக்கிறார்கள். பேச்சு எட்டாத இடத்தில் ஒரு பாதையைப் போட்டு, அதில் என்னையும் உன் பேரப்பிள்ளைகளையும் கைபிடித்துக் கூட்டிப்போனவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மாதம் உன் மகன் போன் செய்து வரச்சொன்னான். ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடிக் கிடந்தாய். அவன் உன் காதருகே குனிந்து, "அம்மா, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். நர்ஸ் பெண் நல்லவள். "ரெண்டு நாளா ரெஸ்பான்ஸ் இல்லம்மா. நீங்க வேணா பாத்துட்டுக் கெளம்புங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன் விரல்கள் மூன்றை எடுத்து என் மணிக்கட்டில் வைத்துக்கொண்டேன். அழுத்தினேன். அசைவில்லை. மறுபடி அழுத்தினேன். அசைவில்லை. மூன்றாம் முறையும் இல்லை. ஆனால் கை அங்கேதான் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. எதைக் கண்டு நீ அசையாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிற வரைக்கும் உன் புறங்கையை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் நான் எழுந்து போவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். காலையில் மருமகளிடமும் அப்படித்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே, "அந்தத் தேரை என்னத்தத்தான் திங்கும் அத்தே?" என்று கேட்டாள்.

பொத்தான் இப்போது என் மணிக்கட்டின்மேல் இருக்கிறது. மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டேன், மதுரை. டிக்கெட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.